போடாத கையெழுத்து

மாலை வகுப்பு. கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம்: 'ஸி ஜவே ஸ்யூ, ஜ ஸரே வெனு.' தெரிந்திருந்தால் வந்திருப்பேன். எழுதிவிட்டு மதாம் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்: "இதைச் சொல்றது ஆம்பளையா, பொம்பளையா?" இதில் ஆண் எங்கே வந்தது, பெண் எங்கே வந்தது என்று எல்லோரும் விழித்தோம். 'வந்திருப்பேன்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தமிழில் தன்மைக்குப் பால் கிடையாது. அவர் கடைசிச் சொல்லின் வாலில் தொங்கிய ஓர் எழுத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டார். வாய்விட்டுப் படித்தால் அது இருப்பதே தெரியாது, ஓசையில்லாத எழுத்து. ஆனால் அது அங்கே நிற்பதால் பேசுகிறவர் பெண். "பாத்தீங்களா, அவ வரவே இல்ல. ஆனா வராதவ பொம்பளைன்னு இலக்கணத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு பிரெஞ்சு படிக்கப் போனவன் நான். புதுச்சேரியில் குடியிருந்துகொண்டு, தெருமுனைப் பெயர்ப்பலகையில் தமிழுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரெஞ்சை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியவில்லையே என்ற கூச்சம்தான் காரணம். நிகழ்காலம், எதிர்காலம் எல்லாம் ஒருவழியாகத் தாண்டினேன். கால் மாட்டிக்கொண்டது இந்த வினையில். இதற்குப் பெயர் 'கொந்திசியோனெல் பாஸே'. இறந்தகால நிபந்தனை வினை என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். வகுப்பு இரண்டு மாலைகளில் அதைக் கடந்து போய்விட்டது. நான் மட்டும் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

செய்முறை எளிதுதான். துணைவினை ஒன்று, முதன்மை வினையின் இறந்தகால எச்சம் ஒன்று. துணைவினை நிபந்தனை வடிவத்தில் நிற்க வேண்டும், அவ்வளவே. 'வ்யூ' என்பது பார்த்த நிலை. 'ஜோரே வ்யூ' என்றால் பார்த்திருப்பேன். 'ஃபினி' என்பது முடித்த நிலை. 'நூஸோரியோன் ஃபினி' என்றால் முடித்திருப்போம். தமிழ்க்காதுக்கு இது அந்நியமாகவே படாது. நம்மிடமும் 'பார்த்து' என்ற எச்சத்தின் மேல் 'இருப்பேன்' என்று ஓர் எதிர்கால வினையை ஏற்றி வைத்தால் 'பார்த்திருப்பேன்' வந்துவிடுகிறது. பிரெஞ்சில் துணைவினை முன்னால் நிற்கும், நமக்குப் பின்னால். மற்றபடி ஒரே கட்டுமானம்.

அந்த 'ஓரே' என்ற துணைவினையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்பாதி, எதிர்காலத்துக்கு உரிய அடி. பின்பாதி, 'எம்பார்ஃபே' என்கிற இறந்தகாலத்தின் விகுதி. எதிர்காலத்தின் உடம்பில் இறந்தகாலத்தின் வாலை ஒட்டவைத்திருக்கிறார்கள். ஒட்டியது இலக்கணப் புலவர் யாருமல்லர், லத்தீனைப் பேச்சுவழக்கில் பேசிய சாதாரண சனங்கள். வினைக்குப் பின்னால் 'ஹபேபாம்' என்று சேர்த்துச் சொன்னார்கள். 'வைத்திருந்தேன்' என்று அதற்குப் பொருள். 'பாட வேண்டியதாக வைத்திருந்தேன்' என்பதுபோல. பேசப்பேசத் தேய்ந்து அந்தச் சொல் வெறும் விகுதியாக முந்தைய வினையோடு ஒட்டிக்கொண்டது. அதே 'வைத்திரு' வினைதான் பிரெஞ்சில் 'அவ்வார்' ஆகித் துணைவினை வேலையும் பார்க்கிறது. இப்போது 'ஜோரே யூ' என்ற தொடரைப் பாருங்கள். எனக்குக் கிடைத்திருக்கும் என்று பொருள். அடியில் ஒரு 'வைத்திரு', விகுதியில் ஒரு 'வைத்திரு', எச்சத்தில் ஒரு 'வைத்திரு'. கைக்கு வராமலே போன ஒரு பொருளைப் பற்றிப் பேச, வைத்திருந்தேன் வைத்திருந்தேன் என்று மூன்று முறை சொல்லிக்கொள்கிறது மொழி.

சிரிக்க வேண்டாம், நாமும் சளைத்தவர்கள் இல்லை. 'அவர் அன்றைக்கு ஊரில் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.' எண்ணிப் பாருங்கள், நான்கு 'இரு'. இல்லாமல் போனவரைப் பற்றிச் சொல்ல நான்கு 'இரு' தேவைப்படுகிறது. தமிழில் உடைமைக்கென்று தனி வினை கிடையாது. என்னிடம் பணம் இருக்கிறது என்போம், 'வைத்திருக்கிறேன்' என்றாலும் அதற்குள்ளும் ஓர் 'இரு'தான். அதனால் நம்முடைய ஏக்கம் முழுக்க 'இரு' என்ற ஒற்றை வினையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

பிரெஞ்சிலும் எல்லா வினையும் உடைமைக்குள் அடங்கிவிடவில்லை. போ, வா, புறப்படு, வந்துசேர், ஏறு, இறங்கு, விழு, தங்கு, பிற, இற என்று ஏறக்குறைய பதினைந்து வினைகள் 'அவ்வார்' வேண்டாம், 'ஏத்ர்'தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். 'ஏத்ர்' என்றால் இரு. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதை ஒரு வீடாக வரைவார்கள். வாசலில் ஒருவர் நுழைகிறார், மாடிப்படியில் ஒருவர் ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார், சன்னலிலிருந்து ஒருவர் விழுகிறார். ஓர் அறையில் பிறப்பு, இன்னோர் அறையில் சாவு. இந்த வீட்டு வினைகளுக்குத்தான் வாலில் அந்த ஓசையில்லாத எழுத்து. வந்திருப்பவர் பெண்ணா, பலரா என்று கேட்டு எச்சம் தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும். தன்னைத்தானே குறிக்கும் வினைகளும் 'ஏத்ர்' பக்கமே: எழுந்திருப்பேன், தவறியிருப்பேன், நினைவுவைத்திருப்பேன் எல்லாம். பொருளைச் செய்தால் உடைமை, ஆளே இடம் மாறினால் இருப்பு. கணக்கு இவ்வளவு சுத்தமாக எப்போதும் வராது. ஆனாலும் பிறப்பும் சாவும் 'இரு' வினையின் கீழ் வைக்கப்பட்டிருப்பதைக் கண்டு தமிழ் மனம் சற்றே ஆறுதல் கொள்ளும்.

இன்னொரு நுணுக்கம். 'முடித்திருப்பேன்' என்ற தமிழ்ச்சொல் இரண்டு வேலை செய்யும். 'நீ வருவதற்குள் முடித்திருப்பேன்' என்றால் வாக்குறுதி. 'நீ சொல்லியிருந்தால் முடித்திருப்பேன்' என்றால் கைகழுவல். பிரெஞ்சு இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது, ஆனால் பிரிக்கிற சுவர் ஓர் எழுத்துத்தான். தன்மை ஒருமையில் வாக்குறுதிக்கு 'எஸ்' இல்லை, கைகழுவலுக்கு 'எஸ்' உண்டு. அந்த 'எஸ்'ஸும் ஒலிக்காது. உயிரொலியில் மெல்லிய வேறுபாடு உண்டு என்பார்கள், பலர் வாயில் அதுவும் கேட்காது. கடிதம் எழுதும்போது பிரெஞ்சுக்காரர்களே தடுமாறுகிற இடம் இது. பள்ளிக்கூடத்தில் ஒரு தந்திரம் சொல்லித்தருகிறார்கள்: 'நான்' என்பதை 'நாம்' என்று மாற்றிப் பார், 'நூஸோரோன்' வந்தால் வாக்குறுதி, 'நூஸோரியோன்' வந்தால் மற்றது. தனியாளாக நின்றால் குழம்புகிற விஷயம் கூட்டமாக நின்றால் தெளிந்துவிடுகிறது.

அடுத்தது 'ஸி'. நம்முடைய 'ஆல்'. இதற்கு மூன்று படிகள். முதல் படியில் 'ஸி'யோடு நிகழ்காலம், விளைவு எதிர்காலத்தில். இரண்டாம் படியில் 'ஸி'யோடு எம்பார்ஃபே, விளைவு நிபந்தனையின் நிகழ்காலத்தில். மூன்றாம் படியில் 'ஸி'யோடு 'ப்ளுஸ்-க-பார்ஃபே' என்கிற தொலைந்த இறந்தகாலம், விளைவு நம்முடைய கொந்திசியோனெல் பாஸேயில். 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்று தமிழில் ஒருவர் சொன்னால், பணம் வரக்கூடும் என்கிறாரா, வரவே வராது என்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சு முதல் படியில் நின்றால் நம்பிக்கை, இரண்டாம் படியில் நின்றால் ஏக்கம் என்று வினையிலேயே சொல்லிவிடும். மூன்றாம் படியில் இரு மொழியும் ஒன்று சேர்கின்றன. 'இருந்திருந்தால் வாங்கியிருப்பேன்.' கடை மூடிவிட்டது.

இங்கே ஒரு விநோதம். 'வந்தால்' என்ற சொல்லுக்குள் 'த்' என்ற இறந்தகால இடைநிலை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பேச்சு நாளைக்கு வருவதைப் பற்றி. நன்னூலார் 'செயின்' என்னும் வாய்பாட்டை எதிர்காலத்தில்தான் சேர்க்கிறார். அதே வேலையைச் செய்யும் 'செய்தால்' இறந்தகாலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. பிரெஞ்சும் இரண்டாம் படியில் இதையேதான் செய்கிறது, நடக்காத ஒன்றை நினைத்துப் பார்க்க இறந்தகால வடிவத்தைக் கடன் வாங்குகிறது. போய்விட்ட நாளும் நடக்காத நாளும் நம் கைக்கு ஒரே தூரத்தில்தான் இருக்கின்றன போலும்.

'ஸி'க்குப் பக்கத்தில் நிபந்தனை வினை வரவே கூடாது என்பது பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லித்தரும் விதி. அதற்கு ஒரு சொலவடை உண்டு: 'லே ஸி நெம் பா லே ரே.' 'ஸி'களுக்கு 'ரே' விகுதியைப் பிடிக்காது. காதில் அது 'ரம்பங்களுக்குத் திருக்கை மீன்களைப் பிடிக்காது' என்றும் விழும், அதனால் மறக்காது. ஆனால் இந்த விதியை மீறியே புகழடைந்த ஒரு வாக்கியமும் அந்த நாட்டில் உண்டு. 1962இல் இவ் ரொபேர் எடுத்த 'லா கேர் தே பூத்தோன்' என்ற படம், லூயி பெர்கோ 1912இல் எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. இரண்டு ஊர்ப் பிள்ளைகள் சண்டை போட்டு ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பறித்துக்கொள்ளும் கதை. அதில் இருப்பவர்களிலேயே பொடியன் ஒருவன், ஏன்தான் வந்தோமோ என்று நொந்துகொண்டு ஒரு வசனம் பேசுவான். 'ஸி'க்குப் பக்கத்திலேயே 'ரே' விகுதி. 'வா' என்ற வினைக்கு 'ஏத்ர்'க்குப் பதிலாக 'அவ்வார்'. ஒரு மூச்சில் இரண்டு பிழை. இலக்கணம் சரியாகச் சொல்லும் எத்தனையோ வசனங்களை மறந்துபோன பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பிழையை இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். வருத்தம் நெஞ்சை அடைக்கும்போது துணைவினை எது என்று யார் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

'ஸி'யை நம்பாதே என்று சொல்லும் பழமொழிகளும் அங்கே உண்டு. 'ஸி'களை வைத்துக்கொண்டு பாரீஸ் நகரத்தையே ஒரு புட்டியில் அடைத்துவிடலாம் என்பது ஒன்று. இன்னொன்றைக் கேட்டபோது வகுப்பே கொல்லென்று சிரித்தது: அத்தைக்கு மட்டும் அது இருந்தால் மாமா என்று கூப்பிடுவோம். 'அது' எது என்று பிரெஞ்சுப் பழமொழியும் வாய்விட்டுச் சொல்லாது, கேட்பவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் அதே அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா. உறுப்பு வேறு, அத்தை ஒருத்திதான். இரண்டு மொழியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே நிபந்தனையைக் கேலி செய்ய அத்தையைப் பிடித்து இழுத்திருக்கின்றன.

இதுவரைக்கும் எனக்குச் சிக்கலில்லை. சிக்கல், ஒருநாள் பிரெஞ்சுச் செய்தித்தாள் ஒன்றை எடுத்துப் படித்தபோது வந்தது. 'ல மினிஸ்த்ர் ஓரே தெமிஸியொனே.' அமைச்சர் பதவி விலகியிருப்பார் என்று நான் கற்ற பாடத்தின்படி பொருள் கொண்டேன். என்ன நடந்திருந்தால் விலகியிருப்பார்? 'ஸி' எங்கே என்று செய்தி முழுவதும் தேடினேன். 'ஸி' இல்லை. மறுநாள் மதாமிடம் காட்டினேன். "விலகியிருப்பார் இல்ல, விலகிட்டாராம்" என்றார். ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்த 'ஆம்'தான் எனக்குக் கதவைத் திறந்தது. செய்தி வந்திருக்கிறது, உறுதியாகவில்லை, நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், சொல்கிறேன். இத்தனையையும் பிரெஞ்சுச் செய்தியாளர் ஒரு நிபந்தனை வினையில் சொல்லிவிடுகிறார். நம்முடைய நாளிதழ்கள் இதற்குக் 'கூறப்படுகிறது', 'தெரியவருகிறது' என்று ஒரு வாலை ஒட்டும். கிசுகிசுப் பத்தி எழுதுபவர்தான் உண்மையான தமிழில் எழுதுகிறார்: நடிகர் கோபித்துக்கொண்டாராம், தயாரிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு 'ஆம்', எழுதியவர் ஓசைப்படாமல் பின்வாசல் வழியாக வெளியேறிப் போகிற சத்தம்.

இப்போது வேறொரு காட்சி. முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். "நான் டீச்சராம், நீ பிள்ளையாம், நீ வீட்டுப்பாடம் எழுதலையாம்." பாரீஸில் ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் இதே விளையாட்டை இதே வயதுப் பிள்ளைகள் விளையாடும்போது, நான் டீச்சர் என்பதற்கு அவர்கள் சொல்வது நிபந்தனை வினை: 'முவா, ஜ ஸரே லா மெத்ரெஸ்.' வதந்திக்கு வருகிற அதே வினை விளையாட்டுக்கும் வருகிறது. நம்மிடத்திலும் வதந்திக்கு வருகிற அதே 'ஆம்' விளையாட்டுக்கும் வருகிறது. 'ஒரு ஊர்ல ஒரு ராஜாவாம்' என்று பாட்டி தொடங்கும் கதைக்கும் அதுவே. இரண்டு மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கும் கிசுகிசுக்காரருக்கும் இரண்டு மொழியும் ஒரே சாவியைக் கொடுத்திருக்கின்றன.

மொரீஸ் கிரெவிஸ் என்ற பெல்ஜிய ஆசிரியர் 1936இல் முதலில் வெளியிட்ட 'ல போன் யூசாஜ்' பிரெஞ்சு இலக்கணத்துக்கு ஒரு பெரும் களஞ்சியம். பிள்ளைகள் விளையாட்டைத் தொடங்கும்போது சொல்கிற இந்த நிபந்தனை வினையைப் பற்றி அதில் ஒரு விளக்கம் இருக்கிறது. மார்கரித் துராஸ் 1977இல் 'ல காமியோன்' என்று ஒரு படம் எடுத்தார், லாரி என்று பொருள். அந்தப் படத்தின் வசனத்தைப் புத்தகமாக்கியபோது அதன் தொடக்கத்தில் அவர் எடுத்து வைத்துக்கொண்டது கிரெவிஸின் இந்த விளக்கத்தைத்தான். படத்தில் துராஸும் நடிகர் ஜெரார் தெபார்தியேவும் ஓர் அறையில் மேசை முன்னால் உட்கார்ந்து கையிலிருக்கும் தாள்களைப் படிக்கிறார்கள். ஒரு பெண் லாரியில் ஏறியிருப்பாள், பேசியிருப்பாள் என்று எடுக்கப்படாத ஒரு படத்தின் கதை நிபந்தனை வினையிலேயே நகர்கிறது. இடையிடையே ஒரு லாரி வெறுமனே சாலையில் போகிறது. அந்தப் பெண்ணை நாம் பார்ப்பதேயில்லை. படம் எடுக்கப்பட்டிருந்தால் இப்படி இருந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு படத்தை எடுத்துவிட்டார். முற்றத்துப் பிள்ளைகளின் இலக்கணத்தில் ஒரு முழுநீளப் படம்.

கடையில் போய் நின்று 'ஜோரே வூலு' என்று தொடங்கினால் மரியாதை. 'எனக்கு வேண்டியிருந்திருக்கும்' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். நாம் அதை 'ஒரு விஷயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்' என்போம். நாமும் இறந்தகாலத்தில் ஒளிந்துகொண்டுதான் கேட்கிறோம், கவனித்தீர்களா. கேட்டது கிடைக்காவிட்டால் அவமானமில்லை. நான் இப்போது கேட்கவேயில்லையே, வந்தேன் என்றுதானே சொன்னேன்.

குற்றம் சாட்டும்போதும் இதே வினை. 'த்யூ ஓரே ப்யூ ம ல தீர்.' எங்கிட்ட நீ சொல்லியிருக்கலாமே. தமிழில் கடைசி 'ஏ'காரத்தில் முழு வழக்கும் இருக்கிறது. அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் 'சொல்லியிருக்கலாம்' என்பது வெறும் சந்தேகமாகிவிடும், சொல்லியும் இருக்கலாம், சொல்லாமலும் இருக்கலாம். 'ப்யூ'வுக்குப் பதில் 'த்யூ' போட்டால் சொல்லியிருக்கணும். அதைத் தன் பக்கம் திருப்பினால் 'ஜோரே த்யூ', நான் சொல்லியிருக்கணும். வயதானவர்கள் தனியாக இருக்கும்போது எல்லா ஊரிலும் பேசிக்கொள்கிற வாக்கியம்.

ஏக்கம், குற்றச்சாட்டு, வதந்தி, விளையாட்டு, மரியாதை. இத்தனை சம்பந்தமில்லாத சாமான்களை ஒரே பெட்டியில் ஏன் போட்டார்கள் என்று பல மாலைகள் யோசித்தேன். பெட்டிக்கு இலக்கணக்காரர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். பழைய நூல்கள் இதைத் தனி வினைப்பாங்கு என்று வைத்தன, இக்கால நூல்கள் பலவும் சாதாரணக் காலங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டன. எனக்குத் தோன்றியது வேறு. இந்த ஐந்து இடத்திலும் பேசுகிறவர் 'இது நடந்தது' என்று கையெழுத்துப் போடவில்லை. ஏக்கத்திலும் குற்றச்சாட்டிலும், நடக்கவில்லை என்பதால் போட முடியாது. வதந்தியில், தெரியாது என்பதால் போடவில்லை. விளையாட்டில், பொய் என்று இருவருக்கும் தெரியும், போடத் தேவையில்லை. மரியாதையில், போட்டால் முரட்டுத்தனம். கொந்திசியோனெல் பாஸே என்பது கடந்துபோனதைப் பற்றிய வினை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது கையெழுத்தில்லாத தாள்.

ஆனால் கையெழுத்தில்லாத தாளும் நீதிமன்றத்துக்குப் போகும். பிரான்சின் பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் 1881 ஜூலை 29இல் வந்தது. அதன் 29ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. ஐயத்தோடு சொன்னாலும், பெயர் குறிக்காமல் சொன்னாலும், யாரைச் சொல்கிறோம் என்று அடையாளம் தெரிந்தால் அது அவதூறுதான், தண்டனை உண்டு என்கிறது. அதாவது 'திருடினாராம்' என்று எழுதிவிட்டு நான் 'ஆம்' போட்டேனே என்று தப்பிக்க முடியாது. வினை கொடுத்த மறைவிடத்தைச் சட்டம் ஒத்துக்கொள்வதில்லை. நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன்.

வரலாறு இந்த வினையில் நெடுநாள் குடியிருந்திருக்கிறது. கிளியோபாட்ராவின் மூக்கு சற்றுச் சின்னதாக இருந்திருந்தால் உலகத்தின் போக்கே வேறாகியிருக்கும் என்ற கருத்தைப் பாஸ்கால் குறித்து வைத்தார். அவர் இறந்தபின் 1670இல் வெளிவந்த 'பான்சே'யில் அது இருக்கிறது. அந்த வாக்கியத்தின் முன்பாதி, இன்று புத்தகத்தில் மட்டும் வாழும் பழைய வடிவம். கொந்திசியோனெல் பாஸேயின் 'இரண்டாம் வடிவம்' என்று பள்ளியில் சொல்கிற உருவம் அதுவேதான். பின்பாதி நம்முடைய சாதாரண வடிவம். 1836இல் லூயி ஜோஃப்ருவா என்பவர் நெப்போலியன் தோற்காமல் உலகம் முழுவதையும் வென்றதாக ஒரு வரலாற்றை எழுதினார். 1876இல் தத்துவவாதி சார்ல் ரெனுவியே 'யுக்ரொனி' என்று ஒரு நூல் வெளியிட்டார். நடக்காத காலம் என்ற பொருளில் அவரே படைத்த சொல். அதன் நீண்ட துணைத்தலைப்பு, ஐரோப்பிய நாகரிகம் இருந்திராதபடியும் இருந்திருக்கக் கூடியபடியும் என்று முடியும். பிந்தைய பாதியில் 'ஓரே ப்யூ ஏத்ர்'. ஒரு தத்துவ நூலின் அட்டையிலேயே நம் வினை ஏறி உட்கார்ந்துவிட்டது.

பெரிய மனிதர்களின் மூக்கும் போரும் இருக்கட்டும். எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. ஆனால் சட்டப்படி கைமாறியது, 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோதுதான். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிகள் அன்றிலிருந்து இந்தியக் குடிகள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் 6 மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒரு தாள், ஒரு கையெழுத்து. போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் பிரெஞ்சுக் குடிகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை இங்கே 'சொல்தா' என்போம். சொல்தா வீட்டுக்குப் பென்ஷன் வருகிற நாள் தெருவுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே போய் நிற்கும். "எங்கப்பா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் இந்நேரம் பாரீசுல பென்ஷன் வாங்கிக்கிட்டு இருந்திருப்பேன் தம்பி." உள்ளேயிருந்து அவர் மனைவி: "ஏங்க, போட்டிருந்தா எனக்கும் வேற மாப்பிள்ளை கெடைச்சிருப்பாரு. நானும் நிம்மதியா இருந்திருப்பேன்." அவர் வாயை மூடிக்கொள்வார். நிபந்தனை வினையில் இதுதான் ஆபத்து, ஒரு செங்கல்லை உருவினால் நமக்குப் பிடித்த சுவர் மட்டும் தனியாக நிற்கும் என்று நினைக்கிறோம்.

ஒருநாள் வகுப்பில் கொடுத்த பயிற்சிக்காக அந்தப் பெரியவரின் வாக்கியத்தையே பிரெஞ்சில் எழுதிப் பார்த்தேன். 'ஸி மோன் பேர் அவே ஸிஞே.' என் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தால். ப்ளுஸ்-க-பார்ஃபே சரி, அடுத்த பாதியில் நிபந்தனை வினை சரி, விகுதி சரி. மதாம் ஒரு திருத்தமும் போடாமல் கொடுத்தார். பெரியவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்பா மறந்துட்டாருன்னு நெனைச்சுக்காதே தம்பி. ஃபாரம் வாங்கியாந்து வீட்ல வெச்சிருந்தாரு. மாசக்கணக்கா அலமாரியில கெடந்துச்சு. போடல."

இத்தனை ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து 'போட்டிருந்தா' மட்டுமே கேட்டுவந்தேன். 'போடல' என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். செய்யாமல் விட்டதை ஒரு பள்ளமாகக் காட்டுவது நிபந்தனை வினையின் பழக்கம். செய்யாமல் விட்டதும் ஒருவர் எடுத்த முடிவாக இருந்திருக்கும் என்பதை அது மறைத்துவிடும். அலமாரியில் கிடந்த அந்தத் தாளுக்கு அவர் அப்பா தினம் தினம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதைப் பிரெஞ்சில் சொல்லக் கொந்திசியோனெல் பாஸே வேண்டாம். முதல் ஆறு மாதத்திலேயே படித்துவிடும் சாதாரண இறந்தகாலம் போதும்: 'இல் நா பா ஸிஞே.' அவர் கையெழுத்துப் போடவில்லை. கெடு 1963 பிப்ரவரியில் முடிந்தது.